பழைய முழுக்கைச் சட்டை

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறும்போது வேர்த்து ஊற்றும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும், ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் குரல் வரும். அந்தக் குளிரில், அரியூர் நாட்டுப் பக்கம் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். தலையில் துண்டு. குளிருக்குத்தானே என்றால், வெயிலுக்கும்தான்.

குளிர்கிற ஊரில் வெயில் எப்படிச் சுடும்? நமக்கு உறைக்கிற சூடு வேறு, தோலைக் கருக்குகிற புற ஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். புற ஊதாவோ பத்து சதவீதம் போலக் கூடும். கதிரை வடிகட்டுகிற காற்று மேலே போகப் போக மெலிந்துவிடுகிறது. மஞ்சு மூடினாலும் நம்ப முடியாது. மெல்லிய மேகமென்றால் 80 சதவீதம் வரை ஊடுருவி வந்துவிடும். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள் ‘நல்ல கிளைமேட்’ என்று பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, மூக்கும் கன்னமும் கருத்து இறங்குவது இப்படித்தான்.

வேர்வையை வைத்து வெயிலை அளக்கக் கூடாது. நிழலை வைத்து அளக்கலாம். ஆடிப்பெருக்கு நாளில் இங்கே உச்சிவேளைச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் ஒரு சாண்கூடத் தேறாது, அதுவும் தெற்கே விழும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும்வரை கதிர் கடுமைதான். அந்த மாதத்தில் அது காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் மூன்று தாண்டும்வரை.

கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மை. மெலனின் என்கிற நிறமி கதிரின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதால், வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. மங்கும் சுருக்கமும் அதற்காக விட்டுவிடாது. வெண்புள்ளி உள்ள இடத்தில் மெலனின் காவலும் கிடையாது. கண்ணையும் நினைக்க வேண்டும்: புரை விழ வெயிலும் ஒரு காரணம். முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சாறு கதிரோடு சேர்ந்தால் தோல் வெந்து தழும்பாகலாம்.

சன்ஸ்கிரீன் நல்லதுதான். ஆனால் பெரும்பாலோர் பூசுவது பொட்டளவு. டப்பாவில் போட்டிருக்கும் எண்ணின் பலன் கிடைக்க முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு டீஸ்பூனாவது வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திரும்பவும் பூச வேண்டும். நாளெல்லாம் கொல்லையில் நிற்பவருக்கு அது கட்டுபடியாகுமா?

சட்டைக்கு அந்தச் செலவில்லை. துணியில் கதிர் நுழைவது நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக. சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள்; அந்தப் பக்கம் தெரிந்தால் கதிரும் வரும். நெருக்கி நெய்த அடர்நிறத் துணி நன்றாகத் தடுக்கும். வெளுத்துச் சல்லடையான வெள்ளைப் பருத்தி அவ்வளவாகத் தடுக்காது, நனைந்தால் இன்னும் மோசம். பழைய சட்டை முதலில் நைந்துபோவது கழுத்தோரத்திலும் தோளிலும். குனிந்து களையெடுக்கும்போது வெயில் நேராக விழுவதும் அங்கேதான். துண்டின் முந்தியைப் பிடரிக்கும் தோளுக்கும் தொங்கவிட்டால் அந்த ஓட்டை அடைபடும்.