அரிக்கமேட்டு மதுச்சாடிகள்

அரிக்கமேட்டு மதுச்சாடிகள் என்பவை, புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு என்னும் தொல்லியல் களத்தில் துண்டுகளாகக் கிடைத்த மட்கலங்கள் ஆகும். தொல்லியலாளர் இவற்றை ஆம்போரா என அழைப்பர். இவற்றுள் பல, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவை (வைன்) ஏற்றி வந்தவை. தமிழகத்துக்கும் அந்நாடுகளுக்கும் இடையே நிலவிய கடல் வணிகத்தின் காலத்தைக் கணிக்க இவை முக்கியச் சான்றுகளாக உள்ளன.

அமைப்பு

ஆம்போரா குறுகிய கழுத்தும், அதன் இருபுறமும் பிடிகளும், கூரிய அடிப்பகுதியும் கொண்டது. இவ்வடிவம் கப்பலில் சாடிகளை நெருக்கமாக அடுக்க உதவியது. மண்ணின் நுண்துளைகள் வழியே மது கசியாதிருக்க உட்புறத்தில் மரப்பிசின் பூசப்பட்டது. வாய்ப்பகுதி தக்கை அல்லது சுடுமண் மூடியால் அடைக்கப்பட்டது.

அகழாய்வுகள்

புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் 1930களில் இக்களத்தின் சிறப்பை உணர்ந்தார். 1945 இல் மார்ட்டிமர் வீலர், 1947-1950 காலத்தில் கசால், 1989-1992 காலத்தில் விமலா பெக்லி ஆகியோர் அகழாய்வு செய்தனர். வீலர் இதனை இந்திய-ரோமானிய வணிக நிலையமாகக் கருதினார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் வலியுறுத்தின.

பிறப்பிடமும் காலமும்

சாடித்துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் வைன் சாடிகளே மிகுதி என்றும், ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்தவையும் உண்டு என்றும் கண்டார். கிரேக்கத் தீவான கோசு வகைச் சாடிகளுக்கு, இரு உருளைகளை ஒட்டியது போன்ற இரட்டைப் பிடிகள் இருக்கும். கடல்நீர் கலந்து செய்யப்படும் கோசு வைன் அக்காலத்தில் பெயர் பெற்றது. இத்தாலியிலும் இவ்வடிவச் சாடிகள் செய்யப்பட்டதால், பிடியை மட்டும் கொண்டு பிறப்பிடத்தை முடிவு செய்ய இயலாது. களிமண்ணையும் ஆராய வேண்டும்.

வைன் சேகரிப்பு மரபு

ஆண்டும் ஊரும் அறிந்து வைனைச் சேமிக்கும் வழக்கம் ரோமானியரிடம் இருந்தது. ஒப்பீமியசு ஆட்சித்தலைவராக இருந்த கி.மு. 121 ஆம் ஆண்டின் வைன், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியிருந்ததாக மூத்த பிளினி எழுதியுள்ளார். பிற்காலத்தில், பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த உயர்ந்த செவ்வைன்கள் 1855 இல் ஐந்து தரங்களாக வகைப்படுத்தப்பட்டன. இன்றைய சேகரிப்பாளர் தோட்டத்தின் பெயரையும் அறுவடை ஆண்டையும் புட்டியின் சீட்டில் காண்கிறார். ஆம்போராக்களில் இத்தகைய விவரங்கள் மையெழுத்தாகவோ முத்திரையாகவோ இடப்பட்டன. எழுத்து அழிந்த துண்டுகளில் களிமண், பிடி, விளிம்பு ஆகியவையே சீட்டின் பணியைச் செய்கின்றன.

இலக்கியச் சான்று

புறநானூற்றின் 56 ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இறக்குமதி மது அரசர்க்குரிய சிறப்புப் பொருளாக இருந்ததை இது காட்டுகிறது. பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் குறிப்பிடும் பொதுகே துறைமுகம் அரிக்கமேடு அல்லது அதனைச் சார்ந்த பகுதி என்பது பலரது கருத்தாகும்.

இனங்காண்பதில் சிக்கல்

இந்தியாவில் கிடைத்த சாடித்துண்டுகளை மறு ஆய்வு செய்த ரோபர்ட்டா டாம்பர், ரோமானிய ஆம்போரா எனப் பதிவான சில, மெசொப்பொத்தேமியப் பகுதிச் சாடிகள் என்று காட்டினார். அவற்றின் உட்புறத்தில் நிலக்கீல் பூசப்பட்டிருக்கும், பிடிகள் இரா. ஒரு துண்டைத் தவறாக இனங்கண்டால் வணிகம் நடந்த நாடும் காலமும் மாறிவிடும். எனவே பழைய அகழாய்வுத் துண்டுகளை அருங்காட்சியகங்களில் பாதுகாத்து வைப்பது இன்றியமையாதது.