ரத்தம் எழுதும் கணக்கு – 7: யாருடைய நார்மல்?

இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்த வெள்ளையணுக்களின் ஐந்து வகைகள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அவற்றில் ஒன்றான ஈசினோஃபில் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன், ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் மொத்த வெள்ளையணுக்களுக்கு அச்சாகும் 4,000 – 11,000 என்ற வரியை விசாரித்தாக வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருந்தே தீர வேண்டிய எண்ணிக்கை என்றுதான் அதைப் படிக்கிறோம். ஆனால் அது கிடைக்கும் விதம் வேறு. நலமாக இருக்கும் ஒரு கூட்டத்தை அளந்து, உச்சியில் இரண்டரை சதவீதத்தினரையும் அடியில் இரண்டரை சதவீதத்தினரையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் மிஞ்சும் 95 சதவீதத்தினரின் எண்களை எல்லையாக வைப்பதுதான் வழக்கம். ஆக, அந்தக் கூட்டத்திலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு, நோய் எதுவும் இல்லாமலே, எண்ணின் பக்கத்தில் 'ஹெச்' (அதிகம்) அல்லது 'எல்' (குறைவு) விழும். சரி, அளந்தது எந்தக் கூட்டத்தை?

இங்கேதான் டஃபி வருகிறது. 1950-ல் ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தை ஆராய்ந்தபோது தெரியவந்த ரத்த வகை இது. சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம்தான் அதன் அடையாளம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிவப்பணுவில் இந்தப் புரதம் கிடையாது. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய இதையே பிடியாகக் கொள்கிறது. பிடி இல்லாதவர்களை அது பெரும்பாலும் அண்டுவதில்லை என்று 1976-ல் லூயிஸ் மில்லர் குழுவினர் காட்டினார்கள். 2008-ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள் பலருக்கு வெள்ளையணு, குறிப்பாக நியூட்ரோஃபில் வகை, குறைவாக இருப்பதற்கும் இந்தப் புரதத்தை இல்லாமல் செய்யும் அதே மரபணு மாற்றம்தான் காரணம். சிவப்பணுவில் இல்லாத ஒரு புரதம் வெள்ளையணுவின் கணக்கைக் குறைக்கிறது! குறைந்தால் தொற்று கூடாதா என்று கேட்கலாம். கூடுவதில்லை. எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியில் குறையில்லை. ஊசியில் வரும் ரத்தத்தில்தான் எண்ணிக்கை குறைவு.

ஒரு கூட்டத்தின் எல்லையை எல்லோருக்கும் வைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின், சிலருக்கு நியூட்ரோஃபில்களை ஆபத்தான அளவுக்கு வீழ்த்தும். அதனால் அமெரிக்காவில் 2015 வரை நியூட்ரோஃபில் 2,000 இருந்தால்தான் மருந்தைத் தொடங்கலாம் என்று விதி இருந்தது. பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள், நோயில்லாத குறைவுக்காக மருந்தை இழந்தார்கள். 2015-ல்தான் அவர்களுக்கு 1,000 என்று தனி எல்லை வகுக்கப்பட்டது. அப்படியானால் எல்லைகளே வேண்டாமா? வேண்டும். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால், அல்லது மொத்த வெள்ளையணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினால், எந்த வம்சாவளியானாலும் உடனே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். விவாதம் எல்லையோரத்து எண்களைப் பற்றியது. டஃபி இல்லாதவர்கள் இந்தியாவில் அரிது, நமக்கு இது எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். மரபணு நம்முடையதாக இல்லாவிட்டாலும் பாடம் நமக்கும் உண்டு. பிறந்த குழந்தைக்கு 20,000 இயல்பு. கர்ப்பிணிக்கும் புகைபிடிப்பவருக்கும் எண் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்றும். அச்சிட்ட எல்லைக்கு இவை எதுவும் தெரியாது. எப்போதும் 3,800 இருப்பவருக்கு 3,700 வருவது வேறு, 9,000 இருந்தவருக்கு 4,200 வருவது வேறு. பின்னதில் 'எல்' விழாது. விசாரிக்க வேண்டியதோ அதைத்தான். ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், புதியதோடு சேர்த்தே மருத்துவரிடம் நீட்டுங்கள். ஈசினோஃபிலும் குடற்புழுவும் அடுத்த வாரம், நிச்சயமாக.