இறாலுக்கு நோய் வந்தால் யாரிடம் காட்டுவது?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் கூடை கூடையாக இறால் வெளியே வரும். அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். முதுகோரம் ஓடும் கறுப்புக் குடல்கூடத் தெரியும். வேகவைத்தால்தான் சதை வெளுக்கும். உயிரோடு நீந்தும்போதே இறாலின் வால் வெளுத்துப்போனால்? அதற்கு உடம்பு சரியில்லை.

சிரிக்காதீர்கள், இறாலுக்கும் வைரஸ் வரும். 1994-இன் பிற்பகுதியில் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தது. ஓட்டின்மேல் சுண்ணாம்பைத் தெளித்தாற்போல் புள்ளிகள். பத்து நாளுக்குள் குளமே காலி. (நமக்கு ஒட்டாது. தைரியமாகச் சாப்பிடலாம்.)

இந்த வைரஸ்களைத் துரத்தியவர்களில் ஒருவர் பேராசிரியர் ஏ.எஸ்.சாகுல் ஹமீது. சென்னைக் கடலோரத்தில் இருக்கும் நம் திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது தெருமுனை. ஆனால் இவர் ஆய்வு செய்த சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி இருப்பது மேல்விஷாரத்தில், ஆற்காட்டுக்குப் பக்கம். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வர வேண்டும்!

முதலில் அவர் குழு கேட்ட கேள்வி, வெள்ளைப்புள்ளி வைரஸ் வேறு யார் உடம்பில் தங்கும் என்பது. நண்டு, சிங்கி இறால், ஆற்று இறால் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சில செத்தன. சில தாக்குப்பிடித்தன. குளத்து வரப்பில் ஓடுகிற நண்டைப் பண்ணைக்காரர் ஏன் முறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது வெள்ளை வால் நோய். நீலக் கொடுக்கு வைத்த பெரிய ஆற்று இறாலுக்கு வருவது. இந்த இறால் வளர்வது ஆற்றில். ஆனால் அதன் குஞ்சுக்கு உப்புக் கலந்த கழிமுகத் தண்ணீர் வேண்டும். குஞ்சுப் பருவத்தில்தான் நோயும் தாக்கும். வால் வெளுத்த சில நாளிலேயே தொட்டியோடு போய்விடும். இந்தியாவில் இதற்குக் காரணமான வைரஸ்களை 2004-இல் அவர் குழு விவரித்தது. ஒன்றல்ல, இரண்டு வைரஸ்! பெரியது சுமார் 27 நானோமீட்டர். கூட வருவது 15 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் அறுபதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். சட்டைக் கடை அளவு போலவே அதற்கு ‘எக்ஸ்ட்ரா ஸ்மால் வைரஸ்’ என்றே பெயர். பெரியது உதவாமல் இதனால் பெருக முடியாது.

தாய் இறாலிடம் நோயின் அடையாளமே இருக்காது. ஆனால் குஞ்சுக்குக் கொடுத்துவிடும். அதையும் இவர்கள் சோதனை செய்து காட்டினார்கள். அதனால் முட்டை பொரிக்கும் முன்பே தாயைச் சோதித்துவிட வேண்டும். எப்படி? கொரோனா காலத்தில் உங்கள் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே ஆர்.டி.பி.சி.ஆர். முறைதான். வெள்ளை வால் நோய்க்கு இந்தக் கல்லூரி ஆய்வகத்தையே, பாரிஸில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு தன் ‘ரெஃபரன்ஸ்’ ஆய்வகமாக ஏற்றுக்கொண்டது.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். மீனுக்கும் வைரஸ் வரும். அதை ஆராய வேண்டுமென்றால் முதலில் வளர்க்க வேண்டும். பாக்டீரியாவை ஒரு தட்டில் அகர் கூழ் ஊற்றி வளர்த்துவிடலாம். வைரஸ் அப்படி வளராது, உயிருள்ள செல் வேண்டும். மீன் வைரஸுக்கு மீன் செல். அதுவரை இந்தியாவில் எந்தக் கடல் மீனின் செல்லையும் குடுவையில் தொடர்ந்து பெருகும்படி வளர்த்ததில்லை. அதை இவர்கள் செய்து, 2006-இல் அறிவித்தார்கள். எடுத்த மீன் எது தெரியுமா? கொடுவா! எண்ணூர்க் கழிமுகத்துக்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். அதன் சிறுநீரகத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, சத்து நீரில் வைத்தார்கள். துண்டின் ஓரத்திலிருந்து செல்கள் மெல்ல ஊர்ந்து வெளியே வந்து, குடுவையின் அடியில் பாய் விரித்தாற்போல் பரவின. இடம் நிறைந்ததும் கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவைக்கு. அது நிறைந்ததும் அதற்கடுத்த குடுவைக்கு. மீன் எப்போதோ போய்விட்டது. செல்கள் பிளந்துகொண்டே இருந்தன.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுவா ஆய்ந்தால் பக்கத்தில் போய் நில்லுங்கள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். ரத்தம் என்று நினைத்து விரலால் தேய்த்துக் கழுவிவிடுவார்களே, அதுதான் சிறுநீரகம்.