கடல் கடந்து வளர்ந்த பூசம்

பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்துவிட்டு, "பழனியில் இப்படியெல்லாம் கிடையாதே, இது அசல் பூசம்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாயகத்தில் உள்ளதே அசல், வெளியூரில் நடப்பது நகல் என்ற எண்ணம்தான் இந்தக் கேள்விக்கு அடிப்படை. அயர்லாந்துக்காரர்களின் பெருவிழாவான புனித பாட்ரிக் திருநாளின் வரலாறு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. ரோமானிய பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதில் கடத்தப்பட்டு அயர்லாந்தில் அடிமையாக இருந்து தப்பிய பாட்ரிக், ஐந்தாம் நூற்றாண்டில் அங்கேயே திரும்பிப் போய் மதம் பரப்பினார். அவருடைய நினைவுநாளான மார்ச் 17, தாயகத்தில் நெடுங்காலம் கோயிலுக்குப் போகும் நாளாகவே இருந்தது. 1927 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் அன்று மதுக்கடைகளைச் சட்டமே மூடிவைத்தது. இன்று உலகம் அறிந்த ஊர்வலமோ அமெரிக்காவில் வளர்ந்தது. நியூயார்க்கில் 1762-லேயே அது நடந்தது. டப்ளினில் அரசு ஊர்வலம் வந்தது 1931-ல்தான்.

பினாங்கின் கதையும் ஏறக்குறைய இதுதான். காவடி எடுத்துப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் வழக்கமுள்ள நகரத்தார், கொண்டுவிற்க வந்த ஊரிலும் முருகனை விடவில்லை. தண்ணீர்மலை அடிவாரத்தில் 1857-ல் கோயில் எழுப்பினார்கள்; 1894-ல் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கொண்டுவந்தார்கள். பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் ரதம் தண்ணீர்மலை போய்ச்சேர இரவாகிவிடுகிறது. வழியெல்லாம் நிற்கிறதே, அதுதான் காரணம். கடை வாசல்களில் தேங்காய்கள் குவிந்து கிடக்கும். ரதம் நெருங்கியதும் சிதறுதேங்காய் மழையாகப் பொழியும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். மறுநாள் காவடிகளும் பால்குடங்களும் 513 படி ஏறிப் பாலதண்டாயுதபாணி சந்நிதியை அடைகின்றன. அந்த மலைக்கோயிலுக்கு 2012-ல்தான் குடமுழுக்கு நடந்தது. வேல் தாங்கும் தங்க ரதம் வந்தது 2017-ல்.

'ரதமும் கூட்டமும் பெருகப் பெருகப் பக்தி குறைகிறது. தண்ணீர்ப்பந்தல்களில் சினிமாப் பாட்டு அலறுகிறது' என்பது அடுத்த குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்ரிக் திருநாளிலும் பச்சைச் சாயம் கலந்த பீர்தான் பலருக்கு நினைவில் நிற்கிறது. ஆனால் மிகையைக் கட்டுப்படுத்த விதி போதும். அதைக் காட்டி விழாவையே போலி என்று தள்ளிவிட முடியாது. பிறந்த ஊரில் முருகபக்தனுக்குத் தன்னை யாரென்று காட்டவேண்டிய தேவை இல்லை. பல இனத்தார் வாழும் துறைமுக நகரில் அந்தத் தேவை உண்டு. அதனால்தான் வழிபாடு வீதிக்கு வந்தது, வீதி அதைப் பெரிதாக்கியது. நியூயார்க்கில் அயர்லாந்துக்காரர்களின் நிலையும் அதுதான்.

வெளியூர் வளர்ச்சி தாயகத்துக்கே வழிகாட்டுவதும் உண்டு. பினாங்கில் தைப்பூசம் பல காலமாகவே பொது விடுமுறை. பழனி இருக்கும் தமிழ்நாட்டில் அது பொது விடுமுறையானது 2021-ல்தான்.