விறகடுப்புப் பீட்சாவும் பக்கத்து ஊர்ப் பாலும்

பெங்களூரு இந்திராநகரில் 2024-இல் ‘பீட்சா ஃபோர் பீஸ்’ என்ற உணவகம் திறக்கப்பட்டது. யோசுகே மசுகோ, சனாயே தகாசுகி என்ற ஜப்பானியர் இருவர் 2011-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரச் சந்து ஒன்றில் தொடங்கிய கடையின் கிளை அது. உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது எரியும் விறகடுப்பு. எதிரே உட்கார்ந்து, மாவு தட்டப்படுவதையும் அடுப்புக்குள் போவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஒரே பீட்சாவில் பாதி ஒரு வகை, பாதி வேறு வகை என்று கேட்கலாம். தெரியாக்கி கோழியோடு கடற்பாசி தூவியது ஒன்று, நான்கு வகை சீஸின் மேல் தேன் ஊற்றியது ஒன்று. நடுவில் உருண்டையாக வைத்த புராட்டா சீஸைப் பரிமாறுபவர் மேசையிலேயே வெட்டிப் பரப்ப, உள்ளிருக்கும் பாலாடை வழிந்தோடும். வந்து போகிறவர்கள் பேசுவதெல்லாம் அந்த அடுப்பைப் பற்றித்தான். அடுப்புக்குக் கிடைக்கும் பேரில் பெரும்பகுதி பாலுக்குச் சேர வேண்டியது என்பது என் கருத்து. பழனிக்கு மேற்கே உடுமலை சாலையில் இருக்கும் நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களுக்கு இந்த உணவகத்திலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் அதுவும் பால் சம்பந்தப்பட்டதே.

அடுப்பின் வேலையை முதலில் பார்த்துவிடலாம். இத்தாலியின் நாபோலி நகர முறைப் பீட்சாவுக்கென்று 1984-இல் அந்நகரில் அமைந்த சங்கம் விதிகளை எழுதி வைத்திருக்கிறது. அடுப்பின் சூடு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். கீழே சுட்ட கல்தளம், மேலே செங்கல் வளைவிலிருந்து இறங்கும் அனல், ஓரத்தில் எரியும் தீ என மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் சூடு தாக்கும். மாவிலுள்ள நீர் நொடியில் ஆவியாகி விளிம்பை உப்ப வைக்கிறது. மேலே கரும்புள்ளிகள் விழுகின்றன, நடுப்பகுதி ஈரத்தோடு மெத்தென்று நிற்கிறது. வீட்டு மின்அடுப்பு பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் அதே மாவு பத்து நிமிடம் வேகும். அதற்குள் ஈரமெல்லாம் வற்றி ரஸ்க் பதத்துக்கு வந்துவிடும். ஆக, இங்கே பெரிய வேலையைச் செய்வது சூட்டின் அளவு. விறகின் வாசனை ஏறுவதற்கு ஒன்றரை நிமிடம் போதாது. கங்கு மேலும் கீழுமாக நெடுநேரம் தம் போடும் பிரியாணியில் புகை மணம் படிவதும், பீட்சாவில் படிவதும் ஒன்றாகாது.

ஜப்பானியர் இதில் என்ன சேர்த்தார்கள்? சுசுமு காகினுமா என்பவர் நாபோலிக்குப் போய் ஓராண்டு தங்கி, கடை கடையாகச் சாப்பிட்டும் பார்த்துமே கற்றுக்கொண்டு தோக்கியோ திரும்பி, 1995-இல் தன் கடையைத் திறந்தார். பின்னாளில் அவர் நடத்திய ‘செய்ரின்கான்’ உணவகத்தில் பீட்சா இரண்டே வகை: தக்காளியும் பூண்டும் மட்டும் உள்ள மரினாரா, சீஸ் சேர்த்த மார்கரிட்டா. பட்டியலை நீட்டுவதைவிட இரண்டைப் பழுதில்லாமல் செய்வது மேல் என்று அவர் நினைத்தார். பீட்சாவை உள்ளே தள்ளுவதற்கு முன் அடுப்புத் தளத்தில் ஒரு சிட்டிகை உப்பை வீசுவது தோக்கியோக்காரர்களின் வழக்கம். உப்பு அடிப்பக்கத்தில் ஒட்டி, கடிக்கும்போது நாக்கில் தனியாகத் தெரியும். 2010-இல் நாபோலியிலேயே நடந்த உலகப் போட்டியில் நகோயா ஊர்க்காரரான அகினாரி மகிஷிமா வென்றார். வெளியூர்ச் சமையலை இரவல் வாங்கியவர்கள் அதைப் பிறந்த ஊரிலேயே போய் ஜெயிக்கும் அளவுக்கு உழைத்தார்கள். ஆனால் தோக்கியோவில் பணம் கொடுத்தால் இத்தாலியப் பொருள் எதுவும் விமானத்தில் வந்து இறங்கிவிடும். வியட்நாமில் கடை போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கதை எனக்கு அதனால்தான் முக்கியமாகப் படுகிறது.

நல்ல சீஸ் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த இறக்குமதிச் சரக்கு விலை எட்டவில்லை. அதனால் மலைநகரமான தா லாத் பகுதியில் உள்ளூர்ப் பாலை வாங்கி, சீஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். மொத்தரெல்லா என்பது பாலை ரென்னெட் என்ற நொதியால் திரித்து, அந்தக் கட்டியைச் சுடுநீரில் போட்டு, பரோட்டா மாவைப் போல இழுத்து மடித்து உருட்டுவது. செய்த ஓரிரு நாளில் அதன் ருசி உச்சத்தில் இருக்கும். அதையே பையாக்கி உள்ளே பாலாடையும் சீஸ் இழைகளும் வைத்துக் கட்டும் புராட்டாவுக்கு ஆயுள் இன்னும் குறைவு. தூரம் கூடினால் தரம் குறையும் பண்டங்கள் இவை. மாதக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்து வரும் துருவிய சீஸ் உருகும், நூல் விடும்; பாலின் இனிப்பு மட்டும் அதில் இருக்காது. விறகடுப்பை எந்த ஊரிலும் கட்டிவிடலாம், பக்கத்தில் கறவை மாடு இல்லாமல் அந்த சீஸைச் செய்ய முடியாது.

இப்போது நம் பக்கம் வருவோம். நெய்க்காரப்பட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிவது கொடைக்கானல் மலைத்தொடர். தா லாத் பிரெஞ்சுக்காரர்கள் குளிருக்காக உண்டாக்கிய மலைநகரம் என்றால், கொடைக்கானல் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறியதில் தொடங்கியது. கொடைக்கானல் சீஸ் தமிழ்நாட்டுக் கடைகளில் ஏற்கெனவே பேர்பெற்ற சரக்கு. மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடிவாரத்தில் பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் தக்காளி விளைகிறது. விலை சரியும் பருவத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் அதைச் சாலையோரம் கொட்டும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். மார்கரிட்டாவுக்கும் மரினாராவுக்கும் வேண்டிய பால், பூண்டு, தக்காளி மூன்றும் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. இருந்தும் நம் சிற்றூர்களில் பீட்சா என்று கிடைப்பது பெரும்பாலும் பாக்கெட்டில் வந்த வட்ட ரொட்டி, பாட்டில் சாஸ், எங்கோ துருவி அடைத்த சீஸ். சில இடங்களில் அது சீஸ்கூட இல்லை. தாவர எண்ணெய் கலந்து செய்ததைச் சீஸ் என்ற பேரில் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை, ஆனால் பொரிந்து உருகிய பிறகு சாப்பிடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

“பிரியாணிக்குப் பேர்போன மாவட்டத்தில் இத்தாலிக்காரன் ரொட்டிக்கு ஜப்பான்காரன் பக்குவம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல்லே பதில் வைத்திருக்கிறது. பிரியாணியும் வடக்கிலிருந்து வந்ததுதான். 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் கடை தொடங்கிய காலத்தில் பாசுமதியைத் தேடிப் போகாமல் சீரகச் சம்பாவைக் கொண்டு சமைத்தார்கள். கன்னிவாடிச் சந்தை ஆட்டைத் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள். அவர் கட்டியிருந்த தலப்பாவே பிறகு கடைக்குப் பேராயிற்று. வந்த உணவு இந்த மண்ணின் அரிசியையும் கறியையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் திண்டுக்கல் பிரியாணி என்று தனி ருசியானது. பீட்சாவுக்கும் அந்த வாய்ப்பைத் தருவதில் நம் சமையலுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

விறகுப்புகை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விறகு, கரி எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. நெருக்கமான நகரத்தில் அது நியாயமான உத்தரவு என்றே நினைக்கிறேன். நம் வறண்ட சமவெளியில் சீமைக் கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்தை அகற்றுவதே அரசின் கொள்கையாக இருக்கிறது. நன்றாகக் காய்ந்த விறகும் உயரமான புகைபோக்கியும் இருந்தால் ஊருக்கு வெளியே சாலையோரக் கடைக்கு அது பொருந்தும். குடியிருப்புக்கு நடுவே என்றால் கேஸ் அடுப்பே போதும். விறகைப் புனிதமாக்கும் பிடிவாதம் தேவையில்லை. சூடு வந்தால் வேலை நடக்கும். மைதா உடம்புக்கு ஆகாது என்பதும் ஓரளவு உண்மை. தினம் சாப்பிடும் பண்டமாக யாரும் இதை முன்வைக்கவில்லை. ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதாயிற்றே என்று பழனிக்கு மாலை போட்டு வருபவர் தயங்கலாம். நுண்ணுயிரிகளிலிருந்து எடுக்கும் ரென்னெட் இந்தியாவில் பரவலாகப் புழங்குகிறது. அதைப் பயன்படுத்துவதாகக் கடைக்காரர் பலகையில் எழுதி வைத்தால் போதும்.

மிஞ்சுவது விலை. பெருநகரத்தில் இப்படி ஒரு பீட்சாவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிட்டு வந்துவிடும். ஆனால் அந்த விலையில் கடை வாடகையும் குளிர்சாதனமும் பொருளை வெகுதூரம் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கின்றன. தட்டில் இருக்கும் பொருளை மட்டும் எண்ணிப் பார்ப்போம். நாபோலி விதிப்படி மாவு உருண்டை 200 முதல் 280 கிராம், தக்காளி 60 முதல் 80 கிராம், சீஸ் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம். ஒரு கிலோ மொத்தரெல்லாவுக்குப் பசும்பால் எட்டிலிருந்து பத்து லிட்டர் வேண்டும். ஒரு பீட்சாவுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு நூறு பீட்சா போகும் கடை எட்டுக் கிலோ தக்காளிக்கு மேல் வாங்காது. சாலையில் கொட்டும் தக்காளியை அது காப்பாற்றிவிடும் என்று சொன்னால் ஏமாற்றுவதாகும். பால் கணக்கு வேறு. தினமும் எண்பது, தொண்ணூறு லிட்டர் என்பது எட்டு லிட்டர் கறக்கும் மாடுகள் பத்துப் பன்னிரண்டின் முழுக் கறவை. இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் நாலைந்து வீடுகளின் பால் ஒரே கடைக்குப் போகும். அதைச் சொசைட்டி விலைக்கு மேல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்து வாங்கினாலும், பீட்சா ஒன்றுக்குக் கூடுதல் செலவு ஐந்து ரூபாயைத் தாண்டாது.