உஷார்! விசா வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

அமெரிக்கா போகப் பிள்ளை பெட்டி கட்டுகிற வீடா உங்களுடையது? முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எச்1பி என்ற வேலை விசா வாங்கித் தருகிறோம் என்று ஏதாவது ஒரு கன்சல்டன்சி பணம் கேட்கிறதா? கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

விசா வேறு, வேலை வேறு. விசாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் லாட்டரியில் பெயர் வந்ததும் சொந்தபந்தத்துக்கெல்லாம் இனிப்பு கொடுக்கிறோம். அங்கே என்ன வேலை, எந்த ஊரில், சம்பளம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஈரோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சென்னையில் நான்கு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்தவன். நியூஜெர்சி முகவரி போட்ட ஒரு சின்ன கன்சல்டன்சி அவனுக்கு விண்ணப்பம் போட்டது. பெயர் தேர்வானதும் ‘பிராசஸிங் சார்ஜ்’ என்று 6 லட்சம் ரூபாய் கேட்டார்கள். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு அல்ல, யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு. ரசீதும் இல்லை.

போய் இறங்கியதும் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்றார்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர். இவனுக்கு ஹாலில் ஒரு காற்று மெத்தை. ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை ‘பென்ச்’, பென்ச்சில் இருக்கும்வரை சம்பளம் கிடையாது என்றார்கள். அதோடு விடவில்லை. ரெஸ்யூமேயில் நான்கு வருஷ அனுபவத்தை ஒன்பது ஆக்கினார்கள். அவன் வாசலைக்கூட மிதிக்காத ஒரு வங்கியில் வேலை பார்த்ததாக எழுதினார்கள். போன் இன்டர்வியூவில் அவன் பெயரைச் சொல்லி வேறு யாரோ பேசினார்கள்.

ஐந்தாவது மாதம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர். அந்த சிஸ்டத்தோடு இருபது வருஷம் மாரடித்தவர். ஸ்க்ரீன் ஸ்க்ரீனாகத் திறந்து காட்டினார். ராத்திரி ஓடுகிற ஜாப் நடுவில் நின்றுபோனால் எதை முதலில் பார்க்க வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம்தான் இவனுக்கு விஷயம் தெரிந்தது. சொல்லிக் கொடுத்து முடித்ததும் அவருக்கு வேலை போகிறது. பாதியில் கிளம்பினால் செட்டில்மென்ட் பணம் கிடைக்காது என்பதால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

நான்கே மாதத்தில் அந்த ப்ராஜெக்டும் முடிந்தது. மறுபடி பென்ச். வேறு கம்பெனிக்கு மாறப் போனான். கடைசி மூன்று மாத பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, கேட்டார்கள். பென்ச்சில் சம்பளமே வராதவனிடம் அது எங்கே இருக்கும்? பழைய கன்சல்டன்சியோ, இரண்டு வருஷம் முடிக்காமல் போகிறாய், 15,000 டாலர் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பையன் ஊருக்குத் திரும்பிவிட்டான். நகை இன்னும் திரும்பவில்லை.

கவனியுங்கள். இதில் பிழைப்பு போனது இரண்டு பேருக்கு.

அந்தப் பையனுக்குக் கெட்ட நேரம், நமக்கு அப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். ஆபத்து ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

எச்1பி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வருஷத்துக்கு 65,000 பேர், அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. ஒப்புதல் கிடைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் இந்தியர்கள். உள்ளூர்க்காரரின் சம்பளம் இதனால் அடிவாங்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் ஒரு காவல் போட்டது. அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன சம்பளமோ அதைத் தருகிறேன் என்று கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் எல்சிஏ.

ஆனால் காவலில் ஓட்டைகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு நான்கு படிகள். கீழ் இரண்டு படிகளும் அந்த ஊரின் நடுநிலைச் சம்பளத்துக்கும் கீழே. 2019-இல் சான்று பெற்ற எச்1பி பணியிடங்களில் 60 சதவீதம் அந்த இரண்டு படிகளில்தான் இருந்தன என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. விசாக்காரர்களை அதிகம் வைத்திருக்கும் கம்பெனிகள் உள்ளூர்க்காரர்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஆள் போடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விசாக்காரருக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் அதிலிருந்து தப்பிக்கலாம். 1998-இல் வைத்த தொகை. இன்றுவரை உயர்த்தவில்லை!

விளைவைப் பாருங்கள். ஆர்லாண்டோ டிஸ்னியில் 2014 அக்டோபரில் சுமார் 250 கணினி ஊழியர்களிடம் வேலை போகிறது என்று சொன்னார்கள். அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் 2016-இல் செனட் குழு முன் சாட்சி சொல்லும்போது அழுதுவிட்டார். கலிபோர்னியாவின் சதர்ன் கலிபோர்னியா எடிசன் மின் நிறுவனத்திலும் 2015 வாக்கில் சுமார் 400 பேருக்கு இதே கதி.

நல்ல சம்பளத்துக்கு நேரடியாக ஆள் எடுக்கிற கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. அங்கே திறமைக்காக எடுக்கிறார்கள். பிரச்சினை, மலிவாகக் கிடைப்பான், எதிர்த்துக் கேட்க மாட்டான் என்பதற்காக ஆள் எடுக்கிற இடத்தில். உங்கள் பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் பக்கத்து நாற்காலிக்காரரை வெளியே தள்ளுகிறது. அந்தக் கோபம் கன்சல்டன்சி முதலாளி மேல் விழுவதில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளை மேல் விழுகிறது.

கோபம் சட்டமாகவும் மாறும். 2025 செப்டம்பர் 19-இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகப் போடும் எச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கன்சல்டன்சி செய்த தப்புக்கு, ஒழுங்காகப் படித்து ஒழுங்காக விண்ணப்பிக்கிற பிள்ளையும் சேர்ந்து அடிவாங்குகிறது.

இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் உஷாராகுங்கள்!

1. உங்களிடம் பணம் கேட்கிறார்கள். விண்ணப்பம் போடுவது கம்பெனியின் தொழில் செலவு. அந்த ஒரு லட்சம் டாலரில் பாதியை நீங்கள் போடுங்கள் என்று பேச்சு வந்தால் அன்றே விலகுங்கள்.

2. ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்கிறார்கள். இது சட்டவிரோதம். அமெரிக்காவில் நுழைந்து 30 நாளுக்குள் சம்பளம் தொடங்க வேண்டும். வேலை கொடுக்காதது கம்பெனியின் பிரச்சினை, உங்கள் பிள்ளையின் குற்றம் அல்ல.

3. பணத்தை நீயே கொடு, அதையே சம்பளமாகப் போட்டு பே ஸ்டப் தருகிறோம் என்கிறார்கள். இது மோசடி. மாட்டினால் பிள்ளையும் மாட்டும்.

4. அனுபவத்தைக் கூட்டி எழுதுகிறார்கள், இன்டர்வியூவுக்கு வேறு ஆளைப் பேசவைக்கிறார்கள். பொய்த் தகவலால் விசா வாங்கியதாக ஒருமுறை பதிவானால் அமெரிக்கக் கதவு ஆயுளுக்கும் அடைபடலாம்.

5. பாதியில் போனால் அபராதம் என்று பாண்டு நீட்டுகிறார்கள். வேலையை விட்டதற்குத் தண்டனையாக அபராதம் வாங்கக் கூடாது என்கிறது எச்1பி சட்டம். நிஜமான நஷ்ட ஈடு என்றால் அது அந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. எல்சிஏ நகல் தர மறுக்கிறார்கள். வேலையில் சேரும் நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். சம்பளம், வேலை பார்க்கும் ஊர் இரண்டும் அதில் இருக்கும். காகிதத்தில் ஓர் ஊர், வேலை வேறு ஊர் என்றால் ஆபத்து.

7. பிசினஸ் விசாவில் போ, போய் வேலை பார், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! பி1 என்ற அந்த பிசினஸ் விசாவைத் தவறாகப் பயன்படுத்திய புகாரில் ஒரு பெரிய இந்திய ஐடி நிறுவனமே 2013-இல் 3.4 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிள்ளைகளே, பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம். தப்பு நடந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப் செய்தி, மெயில், வங்கி ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி மாற ‘டிரான்ஸ்ஃபர்’ உண்டு. புதுக் கம்பெனி விண்ணப்பம் போட்டதுமே அங்கே சேரலாம். ஆனால் அதுவரை விசா நிபந்தனைப்படி இருந்திருக்க வேண்டும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அமெரிக்காவில் தங்க அனுமதித்த காலம் அதற்குமுன் முடிந்தால் அந்த நாள்வரைதான். ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். முதல் வாரமே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

பெற்றோரே, பிள்ளையிடம் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாதச் சம்பளம் வங்கியில் ஏறியதா? பே ஸ்டப் கைக்கு வந்ததா? பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கி மேலும் பணம் அனுப்பாதீர்கள். தோற்றுப்போய்த் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் அந்த ஹாலிலேயே கிடக்கிறார்கள். ஊர் கிடக்கட்டும், நீ வா, வீடு இருக்கிறது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.