எழுத்தின் அளவை வாசிப்பவர் முடிவு செய்யட்டும்

பூண்டி ஏரி நிரம்பி மதகைத் திறந்தால், கொசஸ்தலை ஆற்றில் வரும் தண்ணீர் எங்கள் சடையங்குப்பம் பக்கமாகத்தான் எண்ணூர்க் கடலுக்குப் போகும். 2021 நவம்பரில் அப்படி வந்த வெள்ளம் மணலி புதுநகரையும் எங்களையும் சூழ்ந்துகொண்டது. அதனால் அடைமழை என்றாலே இங்கே எல்லோரும் செல்போனில் தேடுவது, பூண்டியில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் தேடுவார். கன்டெய்னர் யார்டில் உழைத்து ஓய்ந்தவர். சர்க்கரை நோயில் ஒரு கண் போய்விட்டது; மற்றதில் அரைகுறைப் பார்வை. விரல் படும் இடத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்துத்தான் போனைப் பார்க்கிறார். ஒரு மழை நாளில் வெள்ள எச்சரிக்கைப் பக்கம் ஒன்றில் விரலை வைத்தவர், "இன்னாம்மா இது, படம்னு சொல்லிட்டு கம்முனு கீது. எவ்ளோ தண்ணி வுட்றாங்கன்னு சொல்ல மாட்டேங்குதே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நீலப் பின்னணி, அலை ஓவியம், நடுவே வெள்ளை எழுத்தில் கன அடிக் கணக்கு. அழகாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் எண் உட்பட எல்லாமே ஒரே படம். படத்துக்குப் பின்னால் எழுத வேண்டிய மாற்று வாசகம் காலி.

வெப்சைட் வடிவமைப்புதான் என் பிழைப்பு. "டிசைன் எந்தப் போனிலும் இம்மி மாறக் கூடாது" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அச்சடித்த நோட்டீஸில் அது நடக்கும். வலைப்பக்கத்தை ஒவ்வொரு போனும் தானே வரைந்துகொள்கிறது. மாறாமல் இருக்க வேண்டுமென்றால் அதன் கையைக் கட்ட வேண்டும். எழுத்தைப் படமாக்குவது, விரலால் பெரிதாக்கத் தடை போடுவது, பட்டனின் உயரத்தை நிரந்தரமாக்குவது எல்லாம் அப்படிக் கட்டுவதுதான்.

பட்டன் கதையைப் பாருங்கள். உயரம் 40 பிக்சல் என்று வைத்து, அதற்குள் "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்று போடுகிறோம். பெரியப்பா மாதிரி ஒருவர் எழுத்தை இரு மடங்காக்கினால் அது இரண்டு வரியாகிறது. இரண்டாவது வரி பட்டனுக்கு வெளியே வெட்டுப்பட்டு நிற்கிறது. மேலே கொக்கியும் கீழே சுழியுமாக வளரும் நம் எழுத்துக்கு இடம் கூடுதலாகவே வேண்டும். தீர்வு பெரிய வித்தை ஒன்றும் இல்லை: உயரம் 40 என்பதைக் "குறைந்தது 40" என்று மாற்றினால் போதும். பட்டன் எழுத்தோடு சேர்ந்து வளரும். நிறமும் வளைந்த ஓரமும் அப்படியே இருக்கும்.

யார் சொல்வது செல்ல வேண்டும் என்ற வழக்கு வலையில் எப்போதோ தீர்ந்துவிட்டது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் 1996இல் வந்தபோது, வடிவமைத்தவரும் வாசிப்பவரும் ஒரே விஷயத்தை "முக்கியம்" என்று குறித்தால் வடிவமைத்தவர் பேச்சே செல்லும் என்று வைத்தார்கள். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் தலைகீழாக்கி, கடைசி வார்த்தையை வாசிப்பவருக்குக் கொடுத்தார்கள். பெரிய எழுத்தும் வேறு நிறமும் தேவைப்படுபவர்களை எண்ணிச் செய்த மாற்றம் அது. என்னைக் கேட்டால், வலையின் வரலாற்றில் மிக நியாயமான முடிவுகளில் ஒன்று.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும் என்கிறது உலக அளவிலான அணுகல் நெறிமுறை. பலருக்கும் பிடித்த, 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட வெளிர் சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 2.8ஐத்தான் எட்டும். 767676 தேறிவிடும். இரண்டும் சாம்பல்தான், சூரிய வெளிச்சத்தில் போன் பார்க்கும் லாரி டிரைவருக்கும் இரண்டாவதுதான் தெரியும்.

பக்கத்தை எல்லோரும் வாசிக்கும்படி அமைப்பது யாரோ மனம் வைத்துச் செய்யும் தயவு அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசானாலும் தனியாரானாலும் சேவை தருபவர்கள் விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் அணுகல் வசதி செய்ய வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017இல். கெடு 2019லேயே முடிந்துவிட்டது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னபோது முடியாமல் தவித்தார். அவர் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. 20 உத்தரவுகளும் பிறப்பித்தது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏதாவது அரசு வலைப்பக்கம் வாசிக்க முடியாமல் போனால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தத் துறைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுங்கள். அதை விசாரிக்கும் அதிகாரத்தை அதே 2016 சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது.